மின்தடைக்காக வைத்த பேட்டரி நிலையம், மின்சாரம் இருக்கும்போதே மீட்டரை ஓட்டுவது ஏன்?

கொங்குமண் (கோயம்புத்தூர்):

அனைவருக்கும் வணக்கம். மின்தடையைச் சமாளிக்கவும் கரண்ட் பில்லைக் குறைக்கவும் எங்கள் வீட்டில் சோலார், பேட்டரி, மின்வாரியம் மூன்றையும் கையாளும் 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் ஆகியவற்றைப் பொருத்தியிருக்கிறோம். மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் நெட் மீட்டர் இணைப்பு எங்களுக்கு இல்லை. பேனலில் வருவதை வீட்டுக்கே பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம்.

நல்ல வெயில் அடிக்கும் நண்பகலில், பேட்டரி நூறு விழுக்காடு நிரம்பியிருக்கும்போதும், மின்வாரிய மீட்டரின் சிவப்பு விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. இரவில் ஃபேன், ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இன்வெர்ட்டருக்குள் நுழையும் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். 0.6 ஆம்பியர் காட்டியது. 230 வோல்ட்டோடு பெருக்கினால் 138 வாட் வருகிறது. ஒன்றுமே ஓடாத வீட்டில், நிரம்பிய பேட்டரியை வைத்துக்கொண்டு, இந்த நிலையம் எதற்காக இவ்வளவு மின்சாரத்தை இழுக்கிறது? பொருத்தித் தந்தவர்கள் "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள். பில்லோ முன்பு வந்த தொகைக்கு அருகிலேயே நிற்கிறது. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற மின்பொறியாளர் (திருச்சி):

வணக்கம். முதலில் அந்த 138 என்ற எண்ணை ஒதுக்கி வைத்துவிடுங்கள். கிளாம்ப் மீட்டர் காட்டுவது ஆம்பியர் மட்டுமே. அதை வோல்ட்டால் பெருக்கினால் கிடைப்பது வோல்ட்-ஆம்பியர். மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால்தான் அது வாட்டுக்குச் சமமாகும். இன்வெர்ட்டரின் நுழைவாயிலில், இரைச்சலை வடிகட்டுவதற்காகக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். 5 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 0.36 ஆம்பியர் எடுக்கும். அதாவது, உண்மையான வேலை எதுவும் செய்யாமலேயே 83 வோல்ட்-ஆம்பியர். வீட்டுக் கட்டணம் கிலோவாட்-மணிக்கு, அதாவது யூனிட்டுக்குத்தான் விதிக்கப்படுகிறது என்பதால், இந்தக் கெப்பாசிட்டர் மின்னோட்டத்துக்கு நீங்கள் பணம் கட்டுவதில்லை.

உண்மையில் எத்தனை வாட் போகிறது என்று கண்டுபிடிக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். மினுக்குகிறது என்று நீங்கள் சொன்ன அதே சிவப்பு விளக்கு போதும். மீட்டரின் முகப்பில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருந்தால், 1125-ஐ இரண்டு மினுக்கலுக்கு இடைப்பட்ட விநாடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். 1600 என்று இருந்தால் 2250-ஐ வகுக்க வேண்டும். 3200 மீட்டரில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் 9 விநாடி என்றால் 125 வாட். 37 விநாடி என்றால் 30 வாட். அடுத்தடுத்து வரும் பத்துத் துடிப்புகளை எண்ணிச் சராசரி எடுத்தால் பிழை குறையும்.

இரண்டு நிலைகளில் அளந்து சொல்லுங்கள். முதலாவது, வீட்டுச் சுமைகள் அனைத்தும் நிறுத்தப்பட்டு, இன்வெர்ட்டர் மட்டும் ஓடும் நிலை. இரண்டாவது, இன்வெர்ட்டருக்குப் போகும் எம்.சி.பி.யையும் (தானாகத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சையும்) நிறுத்திய நிலை. இரண்டாவது நிலையிலும் விளக்கு மினுக்கினால், பழுது வயரிங்கில் இருக்கிறது. பேட்டரி நிலையத்தைக் குறை சொல்ல முடியாது.

கொங்குமண்:

மிக்க நன்றி ஐயா. எங்கள் மீட்டரில் 3200 என்றுதான் அச்சிட்டிருக்கிறது. இன்வெர்ட்டரின் எம்.சி.பி.யை இறக்கியதும் விளக்கு மினுக்குவது முற்றிலும் நின்றுவிட்டது. அதை மட்டும் ஏற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நிறுத்தியபோது, 18 விநாடிக்கு ஒரு மினுக்கல் வருகிறது. கணக்குப்படி 62.5 வாட்.

138-ஐ விட இது குறைவுதான். ஆனாலும் 62.5 வாட் இரவு பகலாகத் தொடர்ந்து ஓடினால், இரண்டு மாதத்தின் 1440 மணி நேரத்தில் சரியாக 90 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச யூனிட்டில் கணிசமான பகுதியை, எந்தப் பயனும் தராமல் இந்தப் பெட்டி ஒன்றே தின்றுவிடுகிறது என்றல்லவா ஆகிறது?

சூரியக்கூரை (மதுரை):

நண்பரே, சோலார் பொருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, இன்வெர்ட்டர் தன்னை விழிப்பாக வைத்துக்கொள்ளவே செலவிடும் மின்சாரம். 5 கிலோவாட் வகைக் கருவிக்கு 50 முதல் 70 வாட் வரை என்பது வியப்புக்குரியதல்ல. தயாரிப்பாளரின் விவரத்தாளின் கடைசிப் பகுதியில், சுமையில்லா நிலைச் செலவு என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. இரண்டாவது கேள்விதான் முக்கியம்: அந்த 62 வாட்டையும், பகலில் ஓடும் ஃபேன், ஃபிரிட்ஜ், மிக்ஸி ஆகியவற்றுக்கான மின்சாரத்தையும், பேனலும் பேட்டரியும் தயாராக இருக்கும்போது, கருவி ஏன் மின்வாரிய இணைப்பிலிருந்து எடுக்கிறது?

இதற்கு விடை செட்டிங்கில் இருக்கிறது. நம் ஊரில் விற்கப்படும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர்களில் ஒரு பெரும்பகுதி ஒரே வடிவமைப்பைச் சேர்ந்தது. மேலே ஒட்டியிருக்கும் பெயர்தான் மாறும். அவற்றில் 01 என்ற செட்டிங், வீட்டுச் சுமைக்கு எதிலிருந்து முதலில் மின்சாரம் கொடுப்பது என்பதை முடிவு செய்கிறது. மூன்று தெரிவுகள் உண்டு. மின்வாரிய இணைப்பு முதலில் என்பது ஒன்று. சோலார் முதலில், போதாததற்கு மின்வாரியம் என்பது இன்னொன்று. சோலார், பிறகு பேட்டரி, இரண்டும் போதாதபோது மட்டும் மின்வாரியம் என்பது எஸ்.பி.யு. எனப்படும் மூன்றாவது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் முதலாவதுதான் இருக்கும். அந்த நிலையில், மின்சாரம் இருக்கும்வரை அது இன்வெர்ட்டர் வழியாக நேராகக் கடந்து வீட்டுக்குப் போய்விடும். மின்தடை வந்தால்தான் பேட்டரி வேலை செய்யும். பேட்டரி நிரம்பிவிட்டால் பேனலுக்கு வேலையே இல்லை. நண்பகலில் நீங்கள் பார்த்தது இதுதான்.

16 என்ற செட்டிங், பேட்டரியை எதனால் சார்ஜ் செய்வது என்பதைச் சொல்லும். சோலாரும் மின்வாரியமும் சேர்ந்து என்பது அதன் வழக்கமான நிலை. இரண்டும் உங்கள் கருவியில் எப்படி இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை (திருநெல்வேலி):

இடையில் ஒரு சொல். லித்தியம் வாங்காமல் பழைய ட்யூபுலர் (ஈய அமில) பேட்டரியையே வைத்திருப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை வரும். ஆனால் காரணம் வேறு. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் உண்டு. 13.7 வோல்ட்டில் மிதவைச் சார்ஜில், அதாவது நிரம்பிய பேட்டரியை இறங்காமல் வைத்திருக்கும் நிலையில் இருக்கும்போது, செல் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.28 வோல்ட் கிடைக்கும். அது சரியான அளவு. வயதான பேட்டரியில் ஒரு செல் உள்ளேயே ஷார்ட் ஆகிவிட்டால், அதே 13.7 வோல்ட் மீதி ஐந்து செல்களுக்குப் பங்காகி, ஒவ்வொன்றுக்கும் 2.74 வோல்ட் போகிறது. அந்த அளவில் செல் ஓயாமல் கொதித்து வாயுவை வெளியேற்றும். சார்ஜர் எப்போதும் பேட்டரி நிரம்பவில்லை என்றே கருதி மின்னோட்டத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய வேகத்தில் வற்றுவதும், மின்தடையே இல்லாத நாளிலும் பேட்டரியின் பக்கம் சூடாக இருப்பதும் இதன் அடையாளங்கள். ஆறு மூடிகளில் ஒன்றன் கீழே மட்டும் அமிலத்தின் அடர்த்தி மிகவும் குறைந்திருப்பதை ஹைட்ரோமீட்டரில் பார்க்கலாம். அப்படிப்பட்ட பேட்டரியை வைத்துக்கொண்டு பில்லைக் குறைக்க முடியாது. அது பாதுகாப்பானதும் அல்ல. மாற்றிவிட வேண்டும்.

கொங்குமண்:

சூரியக்கூரை சொன்னபடியே இருந்தது. 01-இல் மின்வாரியம் முதலில். 16-இல் இரண்டும் சேர்ந்து. 01-ஐ எஸ்.பி.யு.வுக்கு மாற்றினேன். பகலில் மீட்டர் விளக்கு நின்றேவிட்டது. மாலையிலும் முன்னிரவிலும் பேட்டரியே வீட்டைச் சுமக்கிறது.

ஆனால் விடியற்காலையில் வேறொன்று நடக்கிறது. வீட்டில் இரண்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் மட்டுமே ஓடும் நேரத்தில், மீட்டர் விளக்கு விநாடிக்கு ஒன்றுக்கும் மேலாக, கண்ணால் எண்ண முடியாத வேகத்தில் அடிக்கிறது. இன்வெர்ட்டரின் திரையில் மின்கம்பத்திலிருந்து பேட்டரிக்கு அம்புக்குறி ஓடுகிறது. வெயில் ஏறுவதற்குள் பேட்டரி நிரம்பிவிடுகிறது. முன்பிருந்ததை விட மோசமாகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

சூரியக்கூரை:

கவலை வேண்டாம்; ஆனால் உடனே சரிசெய்ய வேண்டிய விஷயம்தான். 01-ஐ மட்டும் மாற்றி 16-ஐ மாற்றாமல் விட்டால் இதுதான் நடக்கும். இரவெல்லாம் பேட்டரி இறங்கி, விடியற்காலையில் கீழ் எல்லையைத் தொடுகிறது. அப்போது கருவி வீட்டுச் சுமையை மின்வாரியத்துக்கு மாற்றுவதோடு, பேட்டரியையும் அதிலிருந்தே சார்ஜ் செய்யத் தொடங்குகிறது. உங்களுடையது போன்ற 48 வோல்ட் வகையில் மின்வாரியச் சார்ஜின் வழக்கமான அளவு 30 ஆம்பியர். 52 வோல்ட்டில் அது 1560 வாட். இழப்பையும் சேர்த்தால் மீட்டரில் 1.7 கிலோவாட் அளவுக்குத் தெரியும். மூன்று மணி நேரத்தில் பேட்டரி நிரம்பிவிடுகிறது. பிறகு சூரியன் வருகிறான், சேமிக்க இடமில்லை, அந்த நேரத்து வீட்டுச் சுமைக்கு மேல் பேனல் தரக்கூடிய அத்தனையும் வீணாகிறது. 3 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை தரக்கூடியது. அதில் நான்கைந்து யூனிட்டை ஏற்க வேண்டிய பேட்டரியைக் காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தால் விடியும் முன்பே நிரப்பிவிடுகிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேட்டரி வழியாகப் போய்வரும் மின்சாரம் முழுதாகத் திரும்புவதில்லை. சார்ஜ் செய்யும்போது, பேட்டரிக்குள், திரும்ப மாறுதிசை மின்சாரமாக மாற்றும்போது என்று மூன்று இடங்களில் கழிவு உண்டு. 93, 95, 92 விழுக்காடு என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 81 விழுக்காடுதான் கைக்கு வரும். பேனலிலிருந்து வருவதில் இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். மின்வாரிய யூனிட்டை வாங்கிப் பேட்டரியில் போட்டு எடுப்பது, நாள் முழுதும் ஒரே விலை இருக்கும் நம் வீட்டுக் கட்டண முறையில், ஒவ்வொரு ஐந்து யூனிட்டுக்கும் ஏறத்தாழ ஒன்றைத் தூக்கி எறிவதாகும்.

16-ஐ சோலார் மட்டும் என்ற நிலைக்கு மாற்றுங்கள். சோலார் முதலில் என்று இன்னொரு தெரிவு இருக்கும், அது போதாது. பேனலில் வெளிச்சம் இல்லாத விடியற்காலையில், சோலார் கிடைக்கவில்லை என்று முடிவுசெய்து அது மின்வாரியத்துக்குப் போய்விடும்.

மயிலாப்பூர்வாசி (சென்னை):

இந்த இடத்தில் நான் உறுதியாக மறுக்க விரும்புகிறேன். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓடுகிறது. 5 லிட்டர் வகை. 350 வாட் அளவுக்கு எடுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. வானம் மூடிக்கிடந்ததால் பேனலிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. சோலார் மட்டும் என்று வைத்திருந்தால், மழைக்காலத்தின் ஏதோ ஒரு மாலையில் பேட்டரி காலியாக இருக்கும்போது கரண்ட் போய்விடும். அதற்காகத்தானே இந்த நிலையத்தை வாங்குகிறோம்? எனக்கு அந்த 90 யூனிட் பெரிதல்ல. பேட்டரி எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். அதை மின்வாரியம் நிரப்பினாலும் சரி. எல்லாருக்கும் ஒரே செட்டிங்கைப் பரிந்துரைப்பது சரியல்ல என்பதே என் கருத்து.

ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

அம்மா சொல்வது முழுவதும் நியாயம். உயிர் காக்கும் கருவி இருக்கும் வீட்டில், மின்வாரியம் முதலில், சார்ஜுக்கு இரண்டும் சேர்ந்து என்ற தொழிற்சாலை நிலையே சரியானது. அதை யாரும் மாற்ற வேண்டாம். உங்கள் பேட்டரியும் கொங்குமண் வைத்திருக்கும் அளவே என்று கொண்டால், 5.12 யூனிட் கொள்ளளவில் இழப்பும் அடியில் விடவேண்டியதும் போக 4.3 யூனிட் அளவுக்குத்தான் கிடைக்கும். கான்சென்ட்ரேட்டரின் 350 வாட்டோடு இன்வெர்ட்டரின் சொந்தச் செலவான 60 வாட்டையும் சேர்த்தால், பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். புயல் அறிவிப்பு வந்தால் மாற்று ஆக்சிஜன் சிலிண்டருக்கும் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

மற்ற வீடுகளில், இருப்பு அளவு என்று ஒன்றை வைத்து இரண்டு தேவைகளையும் ஓரளவு சேர்த்துப் பார்க்கலாம். பேட்டரி 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது என்று வைத்துவிட்டு, அதற்கு மேல் உள்ள 60 விழுக்காட்டை மட்டும் தினசரிப் பயன்பாட்டுக்கு எடுக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அந்தக் கீழ் எல்லையை 70 ஆக உயர்த்தலாம்.

கொங்குமண்:

16-ஐ மாற்றிவிட்டேன். விடியற்காலைச் சார்ஜ் நின்றுவிட்டது. ஆனால் ஐயா சொன்ன இருப்பு அளவை விழுக்காட்டில் வைக்கும் இடம் எங்கள் கருவியில் தென்படவில்லை. எப்போது மின்வாரியத்துக்கு மாறுவது, எப்போது பேட்டரிக்குத் திரும்புவது என்பதற்கான 12, 13 என்ற செட்டிங்குகளில் வோல்ட் மட்டுமே கேட்கிறது. 12-இல் 46 வோல்ட், 13-இல் 54 வோல்ட் என்று இருக்கிறது. இன்னொரு விஷயமும் புரியவில்லை. காலையில் மின்வாரியத்துக்கு மாறிய பிறகு, பேட்டரி 80 விழுக்காடு ஏறியும் வீட்டுச் சுமை மின்வாரியத்திலேயே நிற்கிறது. நண்பகலை ஒட்டித்தான் திரும்புகிறது.

ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

இப்போது வேரைத் தொட்டுவிட்டோம். அந்த 46-ம் 54-ம் ஈய அமிலப் பேட்டரிக்காக வைக்கப்பட்ட எண்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் குணம் வேறு. உங்கள் பேட்டரியில் 16 செல்கள் தொடராக உள்ளன, ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், ஆகவே 51.2. முழுவதும் நிரம்பி, சார்ஜை நிறுத்தி ஓய்வெடுத்த நிலையில்கூடச் செல் ஒன்றுக்கு 3.35 வோல்ட் அளவில்தான் நிற்கும், மொத்தம் 53.6. நீங்கள் 54 வரும்வரை பேட்டரிக்குத் திரும்பாதே என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். சார்ஜ் ஏறத்தாழ முடிந்து மின்னழுத்தம் தூக்கிக் காட்டும் நண்பகல் நேரத்தில்தான் அந்த எண் வரும். அதுவரை காலைச் சமையல், மோட்டார், வாஷிங் மெஷின் என எல்லாமே மீட்டரில் ஏறும்.

கீழ் எல்லையும் தவறானது. 46 வோல்ட் என்றால் செல் ஒன்றுக்கு 2.875. அந்த நிலையில் லித்தியம் பேட்டரி ஏறத்தாழக் காலி. மின்தடைக்கென்று எதுவும் மிஞ்சாது.

அதோடு, நடுவில் 20 முதல் 80 விழுக்காடு வரை இந்தப் பேட்டரியின் மின்னழுத்தம் தட்டையாகவே கிடக்கும். வோல்ட்டைப் பார்த்து இருப்பைச் சொல்வது, மேசைமேல் நிற்கும் சிலிண்டரின் வெளிப்புறத்தைப் பார்த்து உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது. உள்ளே உள்ள, பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பலகை, எவ்வளவு மின்னோட்டம் போனது, எவ்வளவு வந்தது என்று கணக்கு வைத்திருக்கிறது. அதைத்தான் நம்ப வேண்டும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே, இணையக் கேபிளைப் போன்ற ஒரு தகவல் கேபிள் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பெட்டியிலும் அதற்கான துளை இருக்கும். அந்தக் கேபிளை மாட்டி, 05 என்ற பேட்டரி வகைச் செட்டிங்கில் உங்கள் பேட்டரிக்குரிய லித்தியம் நெறிமுறையை (இரண்டு பெட்டிகளும் தகவல் பரிமாறும் முறையை) தேர்ந்தெடுத்தால், பல மாதிரிகளில் 12-ம் 13-ம் வோல்ட்டை விட்டு விழுக்காட்டுக்கு மாறிவிடும்.

சூரியக்கூரை:

கேபிளை மாட்டும்போது ஓர் எச்சரிக்கை. துளையின் வடிவம் ஒன்றாக இருந்தாலும், எந்த முனையில் எந்தச் சமிக்ஞை என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கடையில் கிடைக்கும் சாதாரண இணையக் கேபிளை மாட்டக் கூடாது. பேட்டரியுடன் வந்த கேபிள் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கலாம், தேடிப் பாருங்கள். அவசரத்தில் பொருத்துபவர்கள் பேட்டரியின் தடித்த இரண்டு வயர்களை மட்டும் முடுக்கிவிட்டு, 05-இல் பயனர் வகை என்று செட் செய்துவிட்டுப் போய்விடுவதை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். கருவி ஓடும், மின்தடையில் விளக்கும் எரியும், அதனால் எவரும் குறையைக் கண்டுபிடிப்பதில்லை. இது தொழிலுக்கே இழுக்கு என்று நினைக்கிறேன். பொருத்தும் நாளிலேயே வீட்டுக்காரரை நிறுத்திவைத்து, இந்தச் செட்டிங்குகளை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதுதான் முறை.

டொராண்டோவாசி (கனடா):

உங்கள் ஊரில் இல்லாத ஒரு காரணத்தை, குளிர்நாடுகளில் இருக்கும் நம்மவர்களுக்காகச் சேர்க்கிறேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும். அதனால் இங்கே விற்கப்படும் பல பேட்டரிகளில் சூடாக்கும் பட்டை உள்ளேயே இருக்கும். சூடாக்கப்படாத கராஜில் பேட்டரியை வைத்தால், ஜனவரி இரவுகளில் அந்தப் பட்டைக்கே மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அடித்தளத்தின் உட்பகுதிக்கு மாற்றினால் இந்தச் செலவு நிற்கும்.

மின்வாரியத்தோடு இணைந்து ஓடும் அமைப்புகளில், வீட்டின் முதன்மை வயரைச் சுற்றி மின்னோட்டத்தை உணரும் ஒரு வளையம் மாட்டியிருப்பார்கள். அதன் மேல் உள்ள அம்புக்குறி தலைகீழாகிவிட்டால், வீடு மின்சாரத்தை வாங்குவதை, வெளியே அனுப்புவதாகக் கருவி புரிந்துகொள்ளும். மிச்சம் போகிறதே என்று எண்ணி, மேலும் மேலும் பேட்டரியை நிரப்பும்; அதுவும் மின்வாரியத்திலிருந்தே. இரவில் சோலார் இல்லாத நேரத்தில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலைப் போட்டுப் பாருங்கள். செயலியில் வாங்கும் அளவு ஏறினால் வளையம் சரி. அனுப்பும் அளவு ஏறினால் வளையம் திரும்பியிருக்கிறது. சரியாக மாட்டிய அமைப்பிலும் மீட்டரில் ஒரு சிறு அளவு வாங்கிக்கொண்டே இருக்கும். தவறியும் வெளியே அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதைப் பழுதென்று எண்ண வேண்டாம்.

மயிலாப்பூர்வாசி:

எங்கள் தெருவில் நடந்ததைக் கேள்விப்பட்டதிலிருந்து ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கிறது. ஒரே வீட்டில் கீழுக்கும் மேலுக்கும் தனித்தனி சர்வீஸ், இன்வெர்ட்டர் ஒன்றே. இன்வெர்ட்டரின் இணைப்பு கீழ்வீட்டு மீட்டரிலிருந்து. மேல்வீட்டில் எல்லாச் சுவிட்சையும் நிறுத்திவிட்டு, இன்வெர்ட்டர் லைனில் உள்ள விளக்கை மட்டும் போட்டால், மேல்வீட்டு மீட்டரும் ஓடுகிறதாம். இது எப்படி முடியும்?

ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

முடியும், அடிக்கடி நடப்பதும்கூட. நம் நாட்டின் மின்னணு மீட்டர்கள் மின்திருட்டைத் தடுப்பதற்காக, ஃபேஸ் வயரிலும் நியூட்ரல் வயரிலும் மின்னோட்டத்தைத் தனித்தனியே அளந்து, எது அதிகமோ அதையே கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி அமைந்தவை. மேல்வீட்டு விளக்குக்கு ஃபேஸ் இன்வெர்ட்டரிலிருந்து வருகிறது. ஆனால் அதன் நியூட்ரலை, வயர் மிச்சம் பார்த்து, மேல்வீட்டு நியூட்ரல் கட்டையிலேயே இணைத்திருப்பார்கள். மின்னோட்டம் திரும்பும்போது மேல்வீட்டு மீட்டரின் நியூட்ரல் வழியாகப் போகிறது. அந்த மீட்டரில் ஃபேஸில் ஒன்றுமில்லை, நியூட்ரலில் மட்டும் மின்னோட்டம். உடனே அதைச் செலவாகப் பதிவு செய்துவிடும். கீழ்வீட்டு மீட்டரும் தன் ஃபேஸில் போனதைப் பதிவு செய்யும். ஒரே விளக்குக்கு இரண்டு பில்.

மீட்டரின் முகப்பில் எர்த் கசிவைக் காட்டும் தனிச் சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தால் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்வெர்ட்டர் லைனுக்கென்று தனி நியூட்ரலை இழுத்து, அதை இன்வெர்ட்டரின் வெளியீட்டு நியூட்ரலில் மட்டுமே சேர்க்க வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு செய்யுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை இறக்கினாலும் நியூட்ரலில் மின்சாரம் திரும்பி வரக்கூடும் என்பதால், நீங்களே திருகாணியைத் தொட வேண்டாம்.

கொங்குமண்:

கேபிள் அட்டைப்பெட்டிக்குள்ளேயே, பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் கிடந்தது. பொருத்தியவர்களை வரவழைத்து மாட்டச் சொல்லி, பேட்டரி வகையையும் மாற்றச் செய்தேன். 12-ம் 13-ம் இப்போது விழுக்காட்டில் கேட்கின்றன. 12-இல் 40, 13-இல் 55 என்று வைத்திருக்கிறேன். வெயில் நாளில் காலை எட்டரை மணிக்கெல்லாம் வீடு மறுபடி சோலாருக்கு வந்துவிடுகிறது. மாலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை மீட்டர் விளக்கு ஒருமுறைகூட மினுக்குவதில்லை. பிறகு 40 விழுக்காட்டைத் தொட்டதும் மின்வாரியத்துக்கு மாறுகிறது. பேட்டரியில் சார்ஜ் ஏறுவது பேனலால் மட்டுமே.

மீதமிருப்பது அந்த 62 வாட். பகலில் அதைப் பேனல் கொடுத்துவிடுகிறது. ஆனால் ஆறு மணியிலிருந்து விடியும்வரை 12 மணி நேரத்துக்கு 0.75 யூனிட், அன்றாடம் எடுக்கக் கிடைக்கும் 60 விழுக்காட்டில், அதாவது 3 யூனிட்டில், கால் பங்கு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே கூடிவிடுவதால், கோடைக்காலத்தில் எங்களுக்கு ஒவ்வொரு யூனிட்டும் முக்கியம். மின்சேமிப்பு நிலை என்று ஒரு செட்டிங் இருக்கிறதே, அதைப் போடலாமா?

சூரியக்கூரை:

போடலாம், ஆனால் அதன் வேலை முறையைத் தெரிந்துகொண்டு போடுங்கள். அந்த நிலையில், சுமை மிகக் குறைந்துவிட்டால், இன்வெர்ட்டர் தன் வெளியீட்டை நிறுத்திவிட்டு, சில விநாடிக்கு ஒருமுறை மட்டும் எட்டிப்பார்க்கும். வைஃபை ரூட்டர், சிசிடிவி போன்ற பத்துப் பதினைந்து வாட் கருவிகளைச் சுமையாகவே அது மதிக்காது. அவை அணைந்து அணைந்து எரியும். ஃபேன் ஓடும் படுக்கையறை உள்ள வீட்டில், இரவு முழுதும் சுமை இருந்துகொண்டே இருப்பதால், அது தூங்கப்போவதும் இல்லை. உங்கள் வீட்டுக்கு இதனால் பயன் குறைவு.

அதை விட, ஊருக்குப் போகும் நாள்களில் இது உதவும். ரூட்டருக்கும் கேமராவுக்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்றைத் தனியாக வாங்கி, அதையும் ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டரைத் தொடாத மின்வாரிய லைனுக்கு மாற்றிவிடுங்கள். கிளம்பும்போது முதலில் மேலே பேனல் வரும் டி.சி. சுவிட்சு, பிறகு இன்வெர்ட்டரின் பவர் பட்டன், அதற்குப் பின் உள்வரும் எம்.சி.பி., கடைசியாகப் பேட்டரியின் பிரேக்கர் என்ற வரிசையில் நிறுத்துங்கள். பேட்டரியை 50, 60 விழுக்காட்டில் விட்டுப் போவது செல்லுக்கும் நல்லது. திரும்பி வந்ததும் பேட்டரியின் பிரேக்கரை முதலில் ஏற்றி, திரையில் விழுக்காடு தெரிந்த பிறகே பேனலை ஏற்ற வேண்டும்.